ஆவரங்காட்டில் பாரமான சொற்கள்

ஆவரங்காடு ஜங்ஷனில் ஒரே ஒரு குடும்பத்துச் சொற்களுக்கு மட்டும் பாரம் வந்தது சித்திரை பிறந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு என்பதில் அந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. பத்தே கால் மணிக்குத்தான் லாரி ஷெட் முதலாளியும் வியாபாரிகள் சங்கத் தலைவருமான வைகுண்டமணி அண்ணாச்சி, மணியடித்த போனை எடுத்துக் காதில் வைத்து, முப்பது வருடமாகச் சொல்லி வந்த மாதிரியே, "வணக்கம், வைகுண்டமணி டிரான்ஸ்போர்ட்" என்றார். சொல்லி முடித்த நொடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெல் மூட்டை அவர் பிடரியில் வந்து உட்கார்ந்தது, நாற்காலிக் கால் ஒன்று முறிந்தது, அண்ணாச்சி மேஜைக்கு அடியில் போய்விட்டார். பத்து எட்டு எடுத்து வைக்கிற நேரம் கழித்துப் பாரம் தானாக இறங்கியது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்ட கிளார்க்கிடம், "ஒண்ணுமில்ல வே, டிரான்ஸ்போர்ட்னு சொன்னேன்" என்றார், மறுபடியும் மேஜைக்கு அடியில் போனார்.

அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் "பிளட் ரிப்போர்ட் வந்துட்டு" என்று கூப்பிட்டு, கூப்பிட்ட இடத்திலேயே முட்டி போட்டாள். மாப்பிள்ளை கட்டியிருப்பது இம்போர்ட் வாட்ச் என்று பெருமையாகச் சொன்ன மாமனார் தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாமல் நின்றார். தீப்பெட்டி ஆபீஸில் எக்ஸ்போர்ட் சரக்கு எக்ஸ்போர்ட் சரக்கு என்று கத்திக்கொண்டே ஓடிய சூப்பர்வைசரைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து நாலு பேர் இழுத்து எடுத்தார்கள். பரீட்சைக்கு எது எது இம்பார்டன்ட் கேள்வி என்று ஒரு மாணவி கேட்க, பதில் சொன்னவளும் கேட்டவளும் பெஞ்சோடு சேர்ந்து சரிந்தார்கள். தேர்தலில் நிற்கப் போகிறவனின் தோளில் கை போட்டு "என் சப்போர்ட் உனக்குத்தான்" என்று சொன்னவன் தோளில் மற்றவனின் உடம்புப் பாரமும் சேர்ந்து ஏற, தேர்தலில் நிற்கப் போகிறவன் காற்றாடி மாதிரி லேசாகிச் சிரித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் யாருக்கும் வாய்விட்டு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஸ்கூல் மைதானத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்தது: டிரில் சார் "ஸ்போர்ட்ஸ் பீரியட்" என்று சொன்னதும் பிள்ளைகளின் கால் தரையில் படவே இல்லை, ஒரு சாண் உயரத்தில் ஓடினார்கள்.

இப்படி ஒன்று வேறு ஊரில் நடந்திருந்தால் பத்திரிகைக்காரன் வந்திருப்பான். ஆவரங்காட்டில் மூன்று நாளில் பழகிவிட்டது. சொல்லைச் சொல்லிப் பார்த்து எடை பார்க்க ரயில்வே பார்சல் ஆபீஸ் மெஷின் முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவராக ஏறி, ஒரு சொல்லைச் சொல்லி, முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து இறங்கினார்கள். தமிழுக்குப் பாரமில்லை என்று தெரிந்ததும் ஊரே தமிழுக்கு மாறியது. டிரான்ஸ்போர்ட் சரக்குந்து நிலையமாயிற்று, ரிப்போர்ட் அறிக்கையாயிற்று, முடி வெட்டுகிற கடையில்கூட ஆதரவு, இறக்குமதி, ஏற்றுமதி என்று பேசினார்கள். அந்தப் பக்கம் வந்த ஒரு அரசியல்வாதி கண் கலங்கி, இதுவல்லவா ஊர் என்று மேடையில் பாராட்டிவிட்டுப் போனார். ஆனால் சீக்கிரமே ரொம்பச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறவனைப் பார்த்து ஊர் கண்ணைச் சுருக்க ஆரம்பித்தது; இவன் எதை ஒளிக்கிறான், எந்தச் சொல்லுக்குப் பயந்து இவ்வளவு தமிழ் பேசுகிறான் என்று.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. மற்றச் சொற்களின் பாரம் சொன்னவன் கழுத்தோடு போனது. ரிப்போர்ட் மட்டும் அப்படிப் போகவில்லை. அதைச் சொன்னால் சொன்னவன் கழுத்தில் பாதி, யாரைப் பற்றிச் சொல்கிறானோ அவன் கழுத்தில் பாதி விழுந்தது. அவன் எங்கே இருந்தாலும் விழுந்தது. வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் திடீரென்று தட்டில் முகம் இடிக்கக் குனிந்தால், எவனோ எங்கேயோ தன்னைப் பற்றி மேலிடத்தில் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். எவன் என்றுதான் தெரியாது. அதனால் ஆவரங்காட்டில் எல்லோரும் எல்லோருடைய கழுத்தையும் பார்க்க ஆரம்பித்தார்கள். குனிந்தவன் குனிந்தபடியே சுற்றிலும் பார்த்தான், அதே நேரத்தில் குனிந்த இன்னொருவன் இருக்கிறானா என்று.

அந்த ஊரில் குனியாத கழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்டேஷனில் ஒன்பதாம் நம்பர் பில்லை கட்டியிருந்த பூலம்மாளின் கழுத்து.

பூலம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் இறந்த பிறகு அவனுடைய பித்தளைப் பில்லையை ரயில்வே அவளுக்கு மாற்றிக் கொடுத்தது, அவள் சேலைக்கு மேல் சிவப்புச் சட்டை மாட்டி, பில்லையைப் புஜத்தில் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள், பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். மற்ற எட்டு பில்லைக்காரர்களும் வயதாகியும் செத்தும் போக, சக்கரம் வைத்த பெட்டி வந்து பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்கு வராமல் போக, ஆவரங்காடு ஜங்ஷனுக்கு மிஞ்சிய ஒரே போர்ட்டர் அவள்தான். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை, மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படிக்கிற ஒரு மகள், அந்தப் பில்லை, இவ்வளவுதான் அவள் ஆஸ்தி. பில்லை போனால் மற்ற இரண்டும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றிக் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைப்பாள்.

சொற்களுக்குப் பாரம் வந்தது அவளுக்கும் தெரிந்தது. "போர்ட்டர்!" என்று ஒரு பிரயாணி கத்துவான், அவன் குப்புற விழுவான், அவள் போய் அவனையும் தூக்கி அவன் பெட்டியையும் தூக்குவாள். "ஆமா, போர்ட்டர்தான், சொல்லுங்க" என்று அவள் பதில் சொல்லும்போது அவள் தலையிலும் பாரம் விழத்தான் செய்தது. ஆனால் அவள் தலையில் எப்போதும் சும்மாடு இருந்தது. பழைய சேலையைச் சுருட்டி வட்டமாக வைத்த சும்மாடு. பாரம் அதில் உட்கார்ந்தது, அவள் இடுப்பை ஒரு தடவை அசைத்துச் சரி செய்துகொண்டு நடந்தாள். இதில் என்ன அதிசயம் இருக்கிறது, தினமும் நடப்பதுதானே என்று நினைத்தாள். அவள் நினைத்தது தப்பு. ஊரே குனியும்போது ஒருத்தி நிமிர்ந்து நடந்தால் அதைவிடப் பெரிய குற்றம் என்ன இருக்கிறது!

முதலில் டீக்கடைப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. அவளுக்கு மட்டும் ஏன் விழவில்லை? விழாதது மட்டுமா, அன்று முதல் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் விழுகிறார்களே, யாருக்கு லாபம்? ஒரு நாள் ரயிலிலிருந்து இறங்கிய உள்ளூர்ப் பெண் ஒருத்தி நேராக அவளிடம் வந்து, "யக்கா, அந்தச் சும்மாட்டைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். பூலம்மாள் பிரித்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் இல்லை, தகடு இல்லை, மயிர் இல்லை, வெறும் சேலை. அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய், சேலையிலேதான் இருக்கிறது என்று சொன்னாள்.

"எனக்கும் விழத்தான் செய்யுது" என்று பூலம்மாள் பார்சல் ஆபீஸ் மெஷினில் ஏறி நின்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். "பாருங்க. போர்ட்டர்." முள் நாற்பது கிலோ தாண்டி ஆடியது. ஸ்டேஷன் மாஸ்டர் முரளீதரன் அதைப் பார்த்தார். மற்ற எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். கழுத்து அசையவில்லை. "பாத்தியளா" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் எபனேசர் சார் வாயைத் திறந்தார். டுட்டோரியல் நடத்துகிற ஆங்கில வாத்தியார், ஊரில் யாருக்கு மேலிடத்துக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவர் கையெழுத்துத்தான், முத்து முத்தாக எழுதுவார். கெட்ட மனிதர் என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது, ஆனால் தனக்கு ஒன்று தெரியும் என்பதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, கரும்பலகை வைத்து, அவர் பாரமான சொற்களைச் சாக்பீஸால் மட்டும் எழுதி, வாயால் தமிழில் விளக்கினார். கையால் எழுதினால் அந்தப் பாரம் எழுதின இடத்திலேயே தங்கிவிடும், இறங்காது என்பதால் பலகையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"பாருங்க, பாரம் வந்திருக்கிற சொல் அத்தனையும் ஒரே குடும்பம். லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல சுமக்குறதுக்கு ஒரு சொல் உண்டு. அது பெத்த பிள்ளைங்கதான் இது எல்லாம்." சார் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் தன் வீட்டுக் கல்யாணம் போல இருந்தது. "இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குச் சுமந்தா, அது அண்ணாச்சி கம்பெனிச் சொல். உள்ள சுமந்து வந்தா இறக்குமதி. வெளிய சுமந்துபோனா ஏற்றுமதி. பாத்ததைத் திரும்பச் சுமந்து வந்து ஒப்படைச்சா அறிக்கை. ஒருத்தன் பாரத்துக்கு அடியில நின்னு தாங்குனா ஆதரவு. தனக்குள்ளயே கனம் உள்ள விஷயம்தான் முக்கியம்ங்குறது. விளையாட்டு கூட இதுல ஒண்ணுதான், அது மனசை வேலையில இருந்து வேற பக்கம் தூக்கிட்டுப் போறது, அதனாலதான் பிள்ளைங்க மிதக்குது."

"பாஸ்போர்ட்?" என்று துபாய்க்குப் போகக் காத்திருந்த ஒருவன் கேட்டான், லேசாகத் தலை சாய்ந்தான்.

"அது பங்காளி வீடு. வாசல், துறைமுகம்னு வாற கிளை. அதான் பாரம் கம்மி."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. சொந்தபந்தம், கிளை, பங்காளி என்று சொன்னால் ஆவரங்காட்டுக்காரர்களுக்கு எதுவும் உடனே விளங்கும். விளங்கின வேகத்தில் விபரீதமும் வந்தது. வைகுண்டமணி அண்ணாச்சி எழுந்து, பிடரியைத் தடவியபடி கேட்டார்: "சரி சார். குடும்பம்னா அதுக்குத் தலைக்கட்டு யாரு?"

"தலைக்கட்டா?" சார் யோசிக்கவில்லை. கேள்வி வந்தால் பதில் சொல்லிப் பழகிய வாய். "வேருக்கு ரொம்பக் கிட்ட நிக்குறது, சுமக்குற ஆளேதான். ஸ்டேஷன்ல..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு கரும்பலகையில் முட்டிக்கொண்டார்.

எல்லோரும் ஸ்டேஷன் இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆவரங்காட்டில் ஒரு வழக்கம் உண்டு, நல்ல வழக்கம் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு வீட்டுப் பையன் தப்புச் செய்தால் பையனை யாரும் தொட மாட்டார்கள், அந்தக் குடும்பத்தின் தலைக்கட்டு வாசலில் போய் நிற்பார்கள், தலைக்கட்டு வந்து ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும். சொற்களுக்கும் அதே நியாயம்தான் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் சொல்லத் தயக்கமில்லை. எபனேசர் சார் மட்டும் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "அண்ணாச்சி, அது வந்து, சொல்லோட குடும்பம் வேற, மனுசக் குடும்பம் வேற" என்று சொல்லப் பார்த்தார். "நீங்கதான சார் சொன்னிய" என்று நாலு பக்கமும் கேட்டது. சார் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். அவருக்கு டுட்டோரியலில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள், எல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள்.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று, "பூலம்மா, உன் குடும்பத்தைக் கொஞ்சம் அடக்கி வை" என்றார்கள்.

பூலம்மாள் மகளைத்தான் சொல்கிறார்கள் என்று பயந்து, "எம்மவ மதுரையில படிக்கா அண்ணாச்சி, அவ என்ன செஞ்சா?" என்றாள். அவர்கள் விளக்கினார்கள். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "எம் பேரு பூலம்மா. எங்கப்பன் பேரு கோமதிநாயகம். நீங்க சொல்லுத அந்தப் பேரு ரயில்வே வச்ச பேரு, அது எங்குடும்பம் இல்ல" என்றாள். பதில் நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறாளே என்று அதிலும் சந்தேகம் வந்தது. பில்லையை ஒப்படைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். முடியாது என்றாள். அன்றிலிருந்து ஆவரங்காட்டுக்காரர் ஒருவரும் அவளிடம் பெட்டி கொடுக்கவில்லை. பேறுகாலத்துக்குப் பிறந்த வீடு வந்த நிறைமாசப் பிள்ளைத்தாச்சிகூடப் பையைத் தானே இழுத்துக்கொண்டு போனாள், பூலம்மாளைப் பார்த்ததும் வயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

பில்லையைப் பறிக்க ஒரே வழி மேலிடத்துக்கு எழுதுவது. மேலிடத்துக்கு எழுதினால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆங்கிலத்தில் எழுதினால் எபனேசர் சார்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் பாரமில்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, பாரமில்லாத தாளை எந்த ஆபீஸர் மதிப்பான் என்று அண்ணாச்சி கேட்டார். எபனேசர் சார் எழுதினார். முத்து முத்தாக எழுதினார். 'ரிப்போர்ட்' என்று தலைப்புப் போட்டு அடியில் கோடும் போட்டார். அதற்கடியில் ஊர் கையெழுத்து வாங்கினார்கள், கையெழுத்துத் தெரியாதவர்களிடம் கட்டை விரல் ரேகை.

பூலம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை எட்டு மணிக்குப் பிளாட்பாரப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவளின் தலையில், யாரும் கூப்பிடாமலேயே ஒரு பாரம் விழுந்தது. அந்தத் தாளில் ஒருவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், பாதிப் பாரம் தாளில் தங்க, மறு பாதி இங்கே விழுந்தது. பத்து எட்டு நடக்கிற நேரம் இருந்து இறங்கியது. உடனே இன்னொன்று. அது இறங்குவதற்குள் இன்னும் இரண்டு. சாயங்காலம் வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது, அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு. எத்தனை பேர் என்று தெரிந்தது, யார் யார் என்று தெரியவில்லை, அதுதான் அவளைத் தின்றது. எதிரே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். நீயா? இவளா? போன மாசம் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கித் தந்தவரா? சுமக்கிறவளுக்குச் சுமை பெரிய விஷயமில்லை, ஆனால் யாருடைய சுமை என்று தெரியாமல் சுமப்பதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

நாலரை மணிக்கு ஸ்டேஷன் டீக்கடைச் சண்முகக்கனி வழக்கம்போல டீ கொண்டுவந்து கொடுத்தாள். பதினைந்து வருடப் பழக்கம். இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். டம்ளரை நீட்டிய கையில் கட்டை விரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது. பூலம்மாள் டீயை வாங்கவில்லை. அந்த விரலையே பார்த்தாள்.

"மை கொட்டிட்டு" என்றாள் கனி.

"எங்க கொட்டிச்சு?"

கனி அழுதுவிட்டாள். "கடையை எடுத்துருவோம்னு சொன்னாவடி. நான் என்ன செய்ய?"

பூலம்மாள் டீயை வாங்கிக் குடித்தாள். கனி கொண்டுவந்ததை வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அன்றும் சொல்லத் தெரியவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு அந்த ஒற்றைத் தாள் ஒரு மாட்டு வண்டிப் பாரமாகிவிட்டது. தபால் ஆபீஸில் இவ்வளவு எடைக்குத் தபால்தலை கிடையாது என்று திருப்பிவிட்டார்கள். அண்ணாச்சியின் லாரி டயர் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் எட்டு ஆள் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பி, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, நாலு பத்து பாசஞ்சரில் பார்சலாகப் போட்டுவிடலாம் என்று வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் வண்டியின் அச்சு முறிந்தது. தாள் தரையில் கிடந்தது. காற்றில் அதன் ஓரம்கூட அசையவில்லை.

எட்டு ஆளுக்கும் கை விட்டுப்போயிருந்தது. கையால் தூக்கினால் இடுப்பு உயரம் வரும், அதற்கு மேல் ரயில் பெட்டி உயரத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் தலையில் வாங்க ஒரு ஆள் வேண்டும். ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வைகுண்டமணி அண்ணாச்சிக்கு மட்டும் வெட்கம் குறைவு.

"பூலம்மா" என்றார், அவள் பெஞ்சுக்கு அருகில் வந்து, ரொம்ப மரியாதையாக. "ஒரு பார்சல் இருக்கு. கொஞ்சம் ஏத்தி விடணும்."

பூலம்மாள் எழுந்து வந்தாள். தாளைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பத்தொன்பது வருடமாக ரயில்வே கடிதத்தில் பார்த்துப் பழகிய தன் பில்லை நம்பரும் பேரும் அதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. சும்மாட்டை எடுத்து உதறி, மறுபடியும் சுருட்டி, தலையில் வைத்தாள். கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவள் குனியவில்லை.

"லக்கேஜுக்கு ஆள் யாரு?"

"என்னது?"

"ஆள் யாருன்னு கேக்கேன். ஆள் இல்லாத லக்கேஜை நாங்க தூக்க மாட்டோம். ஆள் கூட நடந்து வரணும், எங்க இறக்கணும்னு அவர் சொல்லணும், நாங்க இறக்குவோம். அதான் எங்க வேலைச் சட்டம்." தலைக்கு மேலே ஒலிபெருக்கியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைத் தொட வேண்டாம், உடனே போலீசுக்குத் தெரிவிக்கவும் என்று.

"ஊர்தான் ஆள்" என்றார் அண்ணாச்சி.

"ஊரு கூட நடந்து வராது அண்ணாச்சி. ஒரு ஆளு வேணும். பேரு சொல்லி, என்னுதுன்னு சொல்ல ஒரு ஆளு."

அண்ணாச்சி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர், அண்ணாச்சி போட்டதால்தான் நான் போட்டேன் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், என் பெஞ்சாதி பேரைத்தான் போட்டேன், என் பேரைப் போடவில்லை என்றார். அவர் பெஞ்சாதி அவரை முறைத்தாள். ஒருவன் தன் கையெழுத்தே அப்படி இருக்காது என்றான், இன்னொருவன் அது கல்யாண மொய் நோட்டு என்று நினைத்துப் போட்டேன் என்றான், ஒருவர் பின் ஒருவராக முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் பக்கத்து ஆளின் மேல் பழியைச் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள், கூட்டம் சுவர் வரை போய்விட்டது. அண்ணாச்சியும் போய்விட்டார், பார்சல் படிவத்தில் அனுப்புகிறவர் பேர் எழுத வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதும். நடுவில் தாளும் பூலம்மாளும் மட்டும் நின்றார்கள். நாலு பத்து பாசஞ்சர் வந்து நின்றது. அது இரண்டு நிமிஷம்தான் நிற்கும்.

"என்னுது" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எபனேசர் சார்.

பூலம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் கேட்டாள். இனி மறுக்க முடியாது, ஆள் வந்துவிட்டது. எழுதினவரே வந்துவிட்டார், படித்தவர், பேரும் எழுதுவார், பாரமும் ஏறும், பில்லை போகும், மகள் ஹாஸ்டலிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். சார் நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"நான் எழுதினது. என் கையெழுத்து. என் லக்கேஜ்."

"சரி சார்" என்றாள். எட்டு ஆளும் சேர்ந்து கடப்பாரையால் நெம்பித் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் சுமந்த எதுவும் அவ்வளவு பாரமில்லை. முழங்கால் இரண்டும் நடுங்கின, பல்லைக் கடித்துக்கொண்டாள், பிளாட்பாரத்துக் கல் அவள் பாதத்துக்கு அடியில் விரிசல் விட்டது. ஆனால் கழுத்து நின்றது. பார்சல் பெட்டியின் கதவு எதிரே திறந்திருந்தது. கார்டு பச்சைக் கொடியை எடுத்துவிட்டார்.

"எங்க இறக்கணும் சார்?"

சார் ரயிலைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். பிறகு சொன்னார், "என் வீட்டுக்கு."

"சார்!" என்று அண்ணாச்சி சுவரோரத்திலிருந்து கத்தினார். "என்ன செய்யுதிய? அது ஊர்ச் சொத்து!"

"ஊர்னா நீங்க வந்து சொல்லியிருக்கணும் அண்ணாச்சி" என்றாள் பூலம்மாள், திரும்பாமல். தலையில் பாரம் இருக்கும்போது திரும்ப முடியாது. "ஆள் சொல்லுத இடத்துலதான் நான் இறக்குவேன்."

ரயில் போய்விட்டது. பூலம்மாள் படியிறங்கி, ரயிலடி ரோட்டில் நடந்தாள், சார் பக்கத்திலேயே நடந்தார், முந்நூறு பேரும் இருபதடி தள்ளிப் பின்னால் வந்தார்கள். வாத்தியாரும் அவளும் முன்னாலேயே கூட்டு என்று ஒருவன் கிசுகிசுத்தான், ஆமாம், இவ்வளவும் பாடம் எடுத்தவன் அவன்தானே என்று இன்னொருவன் சொன்னான், சந்தேகம் பழைய தலையிலிருந்து புதிய தலைக்கு மாறுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. சாருக்கும் கேட்டிருக்கும். நாளை டுட்டோரியலில் எத்தனை பிள்ளைகள் வரும் என்று யாருக்குத் தெரியும். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அவள் அவருக்காக வருத்தப்படவில்லை, அதற்கு அப்போது தலையில் இடமில்லை.

வீட்டு வாசலில் சார் நின்றார், வாய் திறந்தார். "பூலம்மா, நான் அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும்..."

"மொதல்ல இறக்குங்க சார்" என்றாள். "தலையில வச்சுக்கிட்டு என்னால கேக்க முடியாது. தலைப் பாரத்தைத் தனி ஆளா இறக்கவும் முடியாது. கை குடுங்க."

சார் வாழ்நாளில் சாக்பீஸைத் தவிர எதையும் தூக்கியதில்லை. இரண்டு கையையும் தாளுக்கு அடியில் கொடுத்தார், முனகினார், கண் பிதுங்கியது, முழங்கால் மடங்கி வாசற்படியில் உட்கார்ந்தே போனார், இருந்தாலும் கையை எடுக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து தாளை வாசற்கல்லில் இறக்கினார்கள். கல் ஒரு சாண் மண்ணுக்குள் போயிற்று. பூலம்மாள் பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"இப்பச் சொல்லுங்க."

"நான் எழுதினது பொய்" என்றார் சார், தெருவுக்கே கேட்கும்படி. "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் பயந்து எழுதினேன். மன்னிச்சிரு." அவர் அழுதார். பொய்யாக அழவில்லை, அது அவளுக்கே தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். அவர் சொன்னதில் ஏதாவது தன் தலையில் வந்து உட்காருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. எல்லாம் தமிழ், எல்லாம் வாய்ப்பேச்சு, எல்லாம் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. பின்னால் நிற்கிற முந்நூறு பேரும் நாளைக் காலை இதை மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பட்டது.

"இதையும் எழுதுங்க சார்" என்றாள். "அதே பாஷையில, அதே கையெழுத்துல. அதே மாதிரி தலைப்புப் போட்டு, அடியில கோடும் போட்டு." சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "எவ்வளவு பாரமா இருந்தாலும் பரவால்ல. எழுதுங்க, ஊரு பாக்க நான் தூக்கிட்டுப் போறேன்."